ஐந்து வில்லைகள்

எட்டு இருபது ரயில் வராது என்றார்கள்.
ஒன்பது பத்தும் சந்தேகம்தான்.
எச்சிகோ மலையில் பனி
தண்டவாளத்தைத் தின்றுவிட்டதாம்.

லிஃப்ட் பரிசோதிக்க வந்தவள் நான்.
ஒசாகாக்காரி. பீர் தவிர வேறறியேன்.
கருவிப்பெட்டியை உருட்டிக்கொண்டு
சூடுள்ள அறை தேடி நுழைந்தால்
சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்கள்,
குழாய்க்கு ஒரு சாக்கே, சாக்கேக்கு ஒரு பெயர்.
ஐந்நூறு யென்னுக்கு ஐந்து பித்தளை வில்லை,
நகக்கண்ணளவு கீறலுள்ள ஒரு கிண்ணம்.

முதல் வில்லையை வீணடித்தேன்.
மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடி
ஒரே மடக்கு.
தொண்டை எரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"அடடா, நிற்காமல் ஓடிவிட்டதே" என்றது ஒரு குரல்.
பனி வாரும் வண்டி ஓட்டும் நெமோட்டோ.
கையுறையை ஹீட்டர்மேல் காயப்போட்டுவிட்டு
வெள்ளரிக்காயை மிசோவில் தொட்டு
நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தான்.
பத்தரைக்கு மறுபடி வண்டி.
அதுவரை ஒரு சொட்டும் கூடாது.
"மூக்கு என்னுடையது, வாய் உங்களுடையது.
குடித்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்."

முப்பத்தேழு வயது, இந்த நாட்டில் பிறந்தவள்,
கேட்க வெட்கமாய்த்தான் இருந்தது.
கேட்டேன்.

அவன் காட்டிய குழாயில் இரண்டாவது வில்லை.
அரிசியைத் தீட்டித் தீட்டி
பாதிக்குமேல் தவிடாக்கி ஊதிவிட்டு
நடுவில் மிஞ்சிய முத்தை மட்டும் புளிக்கவிட்டது.
குளிரக் குளிர வந்தது.
முகர்ந்தேன்: பேரிக்காய்.
"பேரிக்காய் போடுவார்களா?"
"கீற்றுகூடக் கிடையாது.
அரிசி, தண்ணீர், கோஜிப் பூஞ்சை, ஈஸ்ட்,
நான்கும் சேர்ந்து சொல்லும் பொய்."

பொய்யை நாக்கில் நிறுத்தினேன்.
முதல் தளம் மூக்கு.
இரண்டாவதில் கொஞ்சம் இனிப்பு ஏறி நின்றது.
விழுங்கிய பிறகு, யாரும் பொத்தான் அமுக்காத தளத்தில்
கதவு தானாய்த் திறந்தது.
இப்படிச் சொன்னேன்.
நெமோட்டோ சிரித்தான். காலிக் கிண்ணத்தை வாங்கி
நெடுநேரம் முகர்ந்தான்.

நடுவே தண்ணீர் குடிக்கவைத்தான்.
ஒரு கிண்ணம் சாக்கேக்கு ஒரு கிண்ணம் நீர்.
புரிந்தது. லிஃப்ட் மேலே போக
எதிர் எடை கீழே வரத்தான் வேண்டும்.

மூன்றாவது, அதிகம் தீட்டாத அரிசி.
இளமஞ்சள் நிறம், குளிர்விக்காதது.
புளிப்பு முன்வாசலிலேயே நின்றது.
காளான், ஈரக் கூரை,
சண்டை முடிந்து சமாதானமாகாத வீடு.
"பிடிக்கவில்லை" என்றேன்.
"அதையும் சொல்லலாம்" என்றான்,
அப்போதுதான் எனக்கு அவனைப் பிடித்தது.

நான்காவதும் அதே குழாயா?
முறைத்தேன். முறைத்தாலும் வில்லையைப் போட்டேன்.
வெந்நீர்த் தொட்டியில் செம்புக் குவளையை இறக்கி
குளிப்பாட்டும் சூடு வந்ததும் எடுத்தான்.
அதே தேறல். அதே கீறல் விழுந்த கிண்ணம்.
புளிப்பு பின்கட்டுக்குப் போயிருந்தது.
சோறு வந்து உட்கார்ந்திருந்தது,
வடித்த கஞ்சியின் ஆவி,
பசித்தவளுக்கு யாரோ மூடி திறந்ததுபோல்.
சண்டை நடந்த வீட்டில்
இப்போது யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சொல்லத் திரும்பினேன்.
இடுப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது.
எட்டாம் வளைவில் லாரி சிக்கிக்கொண்டதாம்.
ஈரம் காயவில்லையென்று வேறு சோடி மாட்டிக்கொண்டு
போகிற போக்கில் சொன்னான்:
"ஐந்தாவதை நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள்.
தனக்குத்தானே ஊற்றிக்கொள்வது இங்கே அழகில்லை."

பதினொன்று ஐந்துக்கு ரயில் வந்தது.
மீந்த வில்லையை
ஹீட்டர்மேல் கிடந்த கையுறையின்
சுட்டுவிரலுக்குள் தள்ளிவிட்டு ஓடினேன்.

அது அவன் கையுறைதானா, தெரியாது.
அங்கே நான்கு சோடி கிடந்தன,
எல்லாம் ஆரஞ்சு.